ராப் தீவு நியூட் பீச்சுக்கு போட்ல போறவங்க இத படிச்சிட்டு போங்க

குரோஷியாவுல ராப் தீவுக்கு போற பிளான் இருந்தா முதல்ல இத தெரிஞ்சுக்கோங்க. அங்க கண்டரோலான்னு ஒரு பீச் இருக்கு, துணியில்லாம குளிக்கறவங்களுக்கான இடம். அதுக்கு என்ட்ரி ஃபீஸ் கிடையாது, பர்மிட்டும் கிடையாது. எங்ககிட்ட அந்த பேர்ல காசு புடுங்கினான் ஒரு போட்காரன், அதோட விட்டிருந்தா கூட பரவால்ல, அதுக்கப்புறம் அவன் பண்ணதுதான் இன்னும் வயிறு எரியுது.

ராப் டவுன் ஹார்பர்ல வரிசையா டாக்ஸி போட் நிக்கும். எதிர்ல காடா தெரியற ஃப்ர்கான் பகுதியோட ஓரத்துலதான் கண்டரோலா. போட்ல போனா கொஞ்ச நேரம்தான். நானும் வீட்டுக்காரரும் அங்க நின்னு பாத்துட்டு இருக்கும்போதே ஒருத்தன் வந்துட்டான், நல்லா இங்கிலீஷ் பேசறான், குரல தாழ்த்தி "நேச்சுரிஸ்ட் பீச்சா? வாங்க, யாருக்கும் தெரியாம ப்ரைவேட்டா கூட்டிட்டு போறேன்"ங்கறான். அங்க ஒளிவுமறைவே கிடையாது, போர்டு வெச்சு பகல்ல எல்லாரும் போற இடம். ஆனா புதுசா போறவங்களுக்கு பக்கத்துல நாலு பேர்கிட்ட விசாரிக்க கூச்சமா இருக்கும்னு அவனுக்கு நல்லா தெரியும், அதுலதான் அவன் பொழப்பே ஓடுது.

போட் ஏறினதும் கதைய ஆரம்பிச்சான். 1936ல இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்டு, தன் காதலி வாலிஸ் சிம்ப்சனோட இங்க வந்தாரு, ராஜாவே இங்கதான் துணியில்லாம குளிச்சாரு, அதனால இது புரொடெக்டட் ஏரியா, உள்ள போக ஆளுக்கு 15 யூரோ பர்மிட் எடுக்கணும், நானே எடுத்து குடுத்துடறேன்னான். ராஜா அந்த வருஷம் ராப்புக்கு வந்தது நிஜம், குளிச்ச கதையையும் ஊரே பெருமையா சொல்லுது. அந்த நிஜத்துக்கு பின்னாடி பர்மிட்ங்கற பொய்ய கோத்து விட்டுட்டான். போக வர ஆளுக்கு 30 யூரோ, பர்மிட் 15, ஆக ரெண்டு பேருக்கும் 90 யூரோ கேஷா வாங்கிட்டு ஒரு சின்ன நீல பேட்லேர்ந்து சீட்ட கிழிச்சு பேனாவால 90ன்னு மட்டும் எழுதி குடுத்தான், பேரும் இல்ல சீலும் இல்ல. கூட்டிட்டு போக சாயங்காலம் 5 மணிக்கு வரேன்னான்.

பீச்ச பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மணல் எதிர்பாக்காதீங்க, பாறையும் கூழாங்கல்லும்தான், பைன் மரம் தண்ணி ஓரம் வரைக்கும் வந்து நிக்குது, தண்ணி அடி தெரியற அளவுக்கு சுத்தம். பாறை இடுக்குல கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு இல்லாம எறங்காதீங்க. மனுஷங்களும் ரொம்ப டீசன்ட், வயசானவங்க, குடும்பம் குடும்பமா வந்தவங்க, யாரும் யாரையும் உத்து பாக்கல, ஃபோன வெளிய எடுக்கவே மாட்டாங்க, எங்க உக்காந்தாலும் கீழ சொந்த டவல் போட்டுதான் உக்காருவாங்க. வருஷா வருஷம் வர ஒரு ஜெர்மன் பாட்டிகிட்ட பேச்சுவாக்குல பர்மிட் பத்தி சொன்னேன். அவங்க சிரிக்கல, கோவமாயிட்டாங்க. இத்தன வருஷத்துல ஒரு பைசா குடுத்ததில்லன்னு சொன்னாங்க. அங்க கடலோரம் பொதுச் சொத்து, இந்த மாதிரி தொறந்த பீச்சுக்கு டிக்கெட் போட எந்த போட்காரனுக்கும் உரிமை இல்ல. வேலி போட்டு நடத்தற நேச்சுரிஸ்ட் கேம்ப்னா வேற விஷயம், குரோஷியாவுலயே வர்சார்ங்கற ஊர் பக்கம் 1961லேர்ந்து இருக்கற கோவர்சாடா மாதிரி, அங்க கேட்ல பணம் கட்டிதான் போகணும்.

மத்தியானம் 3 மணி இருக்கும். ஒரு பெரிய போட் கரைய ஒட்டி மெதுவா வந்துச்சு. கூரை போட்ட டூர் போட், ஆள் நெறைய. ஓட்டிட்டு வந்தது அதே ஆள், மைக்ல அதே ராஜா கதை. கரைக்கு ரொம்ப கிட்ட வந்து எஞ்சின ஸ்லோ பண்ணினான், வரிசையா ஃபோன் மேல போச்சு. எங்ககிட்ட ப்ரைவேட்டுன்னு காசு வாங்கிட்டு எங்களையே அந்த கூட்டத்துக்கு காட்சியாக்கி அதுக்கும் காசு பாக்கறான் பாருங்க. எனக்கு கை காலெல்லாம் நடுங்குது, டவல் பாறை மேல எட்டாத தூரத்துல கெடக்கு. அந்த ஜெர்மன் பாட்டி தன்னோட மஞ்சள் டவல ரெண்டு கையாலயும் அகலமா விரிச்சு எனக்கு முன்னாடி வந்து நின்னாங்க, அவங்க உடம்புல ஒண்ணும் இல்ல, அத பத்தி கவலையே படல. அவன் அங்கேர்ந்தே எங்கள பாத்து "இப்ப ஏறுங்க, இல்லன்னா 5 மணிக்கு வர 40 யூரோ எக்ஸ்ட்ரா"ன்னு கத்தறான்.

ஏறல. அவன் போன பின்னாடி அந்த பாட்டியோட வீட்டுக்காரர் காட்டுக்குள்ள போற பாதைய காமிச்சாரு. நடந்தா சுஹா புன்டா பக்கம் ரோடு வந்துடுது, அங்கேர்ந்து டாக்ஸி. ஆக போட்டே இல்லாம கூட வந்து போகலாம்.

நியூட் பீச்சுக்கு போனோம்னு போலீஸ்ல போய் சொல்லணுமான்னு எங்க வீட்டுக்காரருக்கு தயக்கம். நான் விடல. இந்த தயக்கத்த நம்பிதான் அவன் இத்தன தைரியமா பண்றான். ஸ்டேஷன்ல ஒரு கிண்டல் பார்வை கூட இல்ல, போட்டோட பக்கவாட்டுல எழுதியிருக்கற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்தான் முதல் கேள்வி. நல்லவேளை அந்த பாட்டி டூர் போட்டோட நம்பர குறிச்சு குடுத்திருந்தாங்க. ஹார்பர் மாஸ்டர் ஆபீஸ்லயும் எழுதி குடுத்தோம்.

போறவங்க போட் ஏறறதுக்கு முன்னாடி அந்த நம்பர குறிச்சு வெச்சுக்கோங்க. வேணும்னா ஹார்பர்ல இருக்கும்போதே ஃபோட்டோ எடுத்துக்கலாம், பீச்சுக்கு போனதும் ஃபோன பைக்குள்ள போட்டுடுங்க. காசு குடுத்தா "ராச்சூன்"னு கேளுங்க, பில்ல அங்க அப்படித்தான் சொல்வாங்க. 2013லேர்ந்து கேஷ் வாங்கற கடையும் தொழிலும் பெரும்பாலும் வரி ஆபீசோட கனெக்ட் ஆன பில்தான் குடுக்கணும், அதுல ஓஐபின்னு 11 இலக்க நம்பர், அதாவது காசு வாங்கறவங்களோட வரி அடையாள நம்பர் இருக்கும். பேனாவால எழுதின சீட்டு குடுத்தா ஏறாதீங்க, பக்கத்துலயே வேற போட் நிக்கும். திரும்பி வர காச திரும்பி வரும்போதுதான் குடுப்பேன்னு சொல்லுங்க, ஒத்துக்கலன்னா அவன் வர மாட்டான்னு வெச்சுக்கோங்க. யாராவது டூர் போட்லேர்ந்து படம் எடுத்தா சும்மா விடாதீங்க, போலீஸ் நம்பர் 192, அவசரம்னா 112.

அந்த நீல சீட்டோட காப்பியையும் புகாரோட சேர்த்து குடுத்திருக்கேன். 90 யூரோ திரும்ப வருமான்னு தெரியல, எனக்கு அது முக்கியமும் இல்ல. அந்த டூர் போட் அந்த கரைகிட்ட மறுபடி வராம இருக்கணும், அதுக்கு என்ன பண்ணியிருக்காங்கன்னு கேட்டு ரெண்டு ஆபீசுக்கும் மெயில் அனுப்பிட்டுதான் இருக்கேன்.