வீக்கா, ஃப்ரெயிலா? தளர்ச்சிக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்

இங்கிலாந்தில் உள்ள ஒரு முதியோர் நல மருத்துவரிடம் கருத்துக் கேட்பதற்காக, அப்பாவின் உடல்நிலையை ஆங்கிலத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதவேண்டி வந்தது. தமிழில் 'ரொம்பத் தளர்ந்துவிட்டார்' என்றால் போதும். ஆங்கிலத்தில் அதே இடத்துக்கு ஐந்தாறு சொற்கள் போட்டியிடுகின்றன. நான் எழுதியது ஃப்ரெயில் (frail), அதாவது முதுமையில் உடல் நலிந்து, எதையும் தாங்கும் திறன் குறைந்த நிலை. அதன் பக்கம்தான் சாய்ந்து பேசப்போகிறேன்.

டெக்ரெபிட்டை (decrepit) முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இடிந்துவிழப்போகும் கட்டடத்துக்குச் சொல்வதை மனிதருக்குச் சொன்னால் அது ஏளனம். டெபிலிடேட்டட் (debilitated) என்றால் ஏதோ ஒரு நோய் ஆளை உருக்கிப்போட்டுவிட்டது என்று பொருள்படும். கீமோதெரபி முடித்தவருக்குப் பொருந்தும், வயதின் தளர்ச்சிக்குப் பொருந்தாது. வலுவிழந்தவரைக் குறிக்கும் இன்ஃபர்ம் (infirm) மரியாதையான சொல்தான், ஆனால் அதில் நீதிமன்ற வாடை அடிக்கிறது. நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 2024-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும், ஜாமீன் தருவதில் சலுகை காட்டத்தக்கவர்கள் பட்டியலில் நோயுற்றவரோடு இந்தச் சொல்லும் இருக்கிறது. மனு எழுதுகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஃபீபிளிடம் (feeble) எனக்குக் கொஞ்சம் சபலம் இருந்தது. மெலிந்த குரலுக்கும் தள்ளாடும் நடைக்கும் அழகாக ஒட்டும். ஆனால் நம்ப முடியாத சாக்குப்போக்குக்கும் அதே சொல்தான். அதைவிட மோசம், பிரிட்டனில் 1913-இல் வந்த மனக்குறைபாட்டுச் சட்டம் ஒரு வகை மனிதர்களை 'ஃபீபிள்-மைண்டட்' (மனவளர்ச்சி குன்றியவர்) என்று முத்திரை குத்திக் காப்பகங்களில் அடைக்க வழிசெய்தது. அந்தக் கறை படிந்த சொல்லை அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை.

உண்மையான போட்டி வீக்குக்கும் ஃப்ரெயிலுக்கும்தான். இதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: படிக்கும் மருத்துவர் அடுத்து என்ன கேட்பார்?

நாம் 'வீக்காக இருக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் அசதியை. மருத்துவருக்கோ வீக்னஸ் என்பது தசையின் வலு குறைந்திருப்பது. எந்தக் கை, எந்தக் கால், திடீரென வந்ததா, படிப்படியாகவா என்று அவர் விசாரணை போகும். வலுவைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிட அவர்களிடம் ஓர் அளவுகோலே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் பக்கவாதமோ என்று பார்ப்பார்கள். அசதியைச் சொல்ல வந்த நாம் ஸ்கேன் அறை வாசலில் நிற்போம்.

ஃப்ரெயில் வேறு வாசலைத் திறக்கிறது. 2001-இல் அமெரிக்க முதியோர் நல மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் உடன் ஆய்ந்தவர்களும் இதற்கு ஐந்து அடையாளங்களை வரையறுத்தார்கள்: தானாக எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் ஃப்ரெயில். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. கனடாவில் முதியோர் நல மருத்துவர் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட தளர்ச்சி அளவுகோல், இன்று ஒன்பது படிகளாக விரிந்திருக்கிறது; எண் கூடக்கூடத் தளர்ச்சியும் கூடுதல். வரவுசெலவு பார்க்கவும் கடைக்குப் போகவும் துணை தேவைப்பட்டால் ஐந்தாம் படி. குளிக்கவும் உதவி வேண்டுமென்றால் ஆறு. ஆகவே இந்தச் சொல்லைக் கண்ட மருத்துவர், விழுந்தாரா, எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், எடை எவ்வளவு குறைந்தது, வீட்டில் யார் துணை என்று கேட்பார். எனக்கு வேண்டியிருந்தவை இந்தக் கேள்விகள்தான். சிறு காய்ச்சலோ மருந்து மாற்றமோகூட இப்படிப்பட்டவரைப் படுக்கையில் தள்ளிவிடும் என்ற எச்சரிக்கையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

குறை இல்லாமலில்லை. ஆங்கிலம் பேசும் முதியவர்களே பலர் இந்தப் பட்டத்தை விரும்புவதில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னால் 'உன் கதை முடிந்தது' என்பதுபோல் ஒலிக்கும். கடிதத்தில் எழுதுவேன், அப்பா காதுபட உச்சரிக்க மாட்டேன். நான் பேசுவது மருத்துவக் கடிதங்களை மட்டும் வைத்து. கதை எழுதுகிறவர்களுக்கு ஃபீபிளே கைகொடுக்கலாம்.

கடைசியில் கடிதத்தில் ஃப்ரெயிலுக்கு அடுத்த வரியிலேயே சான்றுகளையும் எழுதினேன்: எடை குறைந்தது, நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுகிறார், தெருமுனைக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீக் என்ற சொல்லையும் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன், அவருடைய இடது முழங்காலுக்கு மட்டும்.