பழைய மேசி டிராக்டருக்குச் சட்டிக் கலப்பை வாங்குகிறீர்களா? பெயின்ட்டுக்கு அடியில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

செங்குன்றம், பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம் பழைய மேசி (மேசி ஃபெர்குசன்) 35, 1035 டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. சென்னைப் புறநகர்ப் பட்டறை ஒன்றில் "புதுசு மாதிரி சார், உங்க வண்டிக்குன்னே செஞ்சது" என்று எங்கள் தலையில் கட்டிய மூன்று சட்டி கொண்ட கலப்பை (சட்டி என்பது சுழன்று மண்ணைப் புரட்டும் குழிந்த இரும்புத் தட்டு), இரண்டாம் நாள் உழவிலேயே வண்டியோடு மாட்டும் இடது பக்கப் பின் (இரும்பு முளை) முறிந்து சாலில் படுத்துவிட்டது. பட்டறைப் பெயர் வேண்டாம். என்ன செய்து விற்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், எங்கே போனாலும் பிடித்துவிடலாம்.

முதல் வேலை பின்னில். இந்த வண்டிகளின் லிஃப்ட் (பின்னால் கலப்பையை மாட்டித் தூக்கும் அமைப்பு) கேட்டகிரி 1 என்ற அளவு. கீழே இரு பக்கமும் உள்ள கைகளில் (கீழ் லிங்க்) மாட்டும் பின் 22 மில்லிமீட்டர் விட்டம், மேலே நடுவில் உள்ள கையில் (டாப் லிங்க்) மாட்டும் பின் 19 மில்லி. எங்களுக்கு வந்ததோ பெரிய வண்டியின் கேட்டகிரி 2 கலப்பை. அதில் கீழ்ப் பின் 28 மில்லி. கீழ் லிங்க் முனையில் உள்ள துளையிட்ட உருண்டைக்குள் நுழையாது என்பதால், 28 மில்லிப் பின்னை லேத்தில் 22-க்குக் கடைந்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டினால் தடித்த பாகமும் மெலிந்த பாகமும் சேரும் இடத்தில் கத்தி வெட்டு மாதிரி கூர்மையான படி தெரிந்தது. விரிசல் அங்கேதான் பிறக்கும். 28-ஐ 22 ஆக்கினால் வளைவைத் தாங்கும் பலம் பாதிக்கும் கீழே போய்விடும் (விட்டத்தின் மூன்றாம் படிக்கணக்கு). முறிந்த முகத்தில் பாதி கறுத்தும் பாதி வெள்ளையாகப் பளபளவென்றும் இருந்தது. கறுத்த பாதி எங்களிடம் வருவதற்கு முன்பே விரிசல் விட்டுப்போனது.

பின் மட்டும் பிரச்சினை இல்லை. கேட்டகிரி 1-ல் இரண்டு கீழ்ப் பின்களுக்கும் இடைவெளி 683 மில்லி, கேட்டகிரி 2-ல் 825. பெரியதை மாட்டினால் லிங்க் இரண்டும் வெளியே விரிந்து, அவற்றைப் பக்கவாட்டில் பிடிக்கும் செயின் விறைத்து, கலப்பை பக்கவாட்டில் அசையவே இடமிருக்காது. அதனால் கலப்பை பார்க்கப் போகும்போது வெர்னியரும் (விட்டம் அளக்கும் கருவி) டேப்பும் கையில் இருக்கட்டும். பட்டறைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது சட்டி. "26 இஞ்ச்" என்றார்கள். அளந்தால் 660 மில்லி இருக்க வேண்டும், இருந்தது 600 சொச்சம். தேய்ந்த சட்டியின் ஓரத்தை கேஸ் கட்டரால் வட்டமாக வெட்டி, கிரைண்டர் வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சூடு பட்ட ஓரம் பதம் இழந்து மிருதுவாகிவிடும். அரத்தை எடுத்து நடுவிலும் ஓரத்திலும் ஒரே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் அரம் நன்றாகக் கடித்தால் அது வெட்டிய சட்டி. சட்டி சுழலும் ஹப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்து, பட்டறைக்காரர் "கிரீஸ் போட்டா சரியாயிடும்" என்றால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஃபிரேமில் சட்டிக் கால் வந்து சேரும் மூலைகளைச் சுத்தியலால் தட்டினால், வெல்டில் விரிசலைப் பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

இதற்கெல்லாம் மேல், 35 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்று சட்டியே தப்பு. களிமண்ணில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்கு 25 சென்டி அகலம், 20 சென்டி ஆழம் என்றால் மூன்றுக்கு 1,050 கிலோ, இரண்டுக்கு 700. ஒன்றரை டன் சொச்சம் எடையுள்ள வண்டிக்கு 1,050-ஐ இழுக்க எஞ்சின் தயார்தான், டயர் தயார் இல்லை. சக்கரம் வழுக்கும், டீசல் குடிக்கும், சால் நகராது. தூக்கினால் முன் சக்கரம் மிதக்கும். கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டே எடை மேடைக்குப் போய் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் ஸ்டீயரிங்கை நம்பி ரோட்டில் போக முடியாது. மூன்றாவது சட்டியைக் கழற்ற முடிகிற ஃபிரேம் கிடைத்தால் நல்லது, ஆனால் கேட்டகிரி 1-ல்.

பிரச்சினை என்று போனதும் பட்டறையில் சொன்ன பதில்: "உங்க வண்டி பம்ப் வீக்கு சார், ஓவர்ஹால் பண்ணணும்." இரண்டாவது ஏமாற்று இது. பொசிஷன் கன்ட்ரோலில் (கலப்பையை வைத்த உயரத்தில் நிறுத்தும் லீவர்) வைத்துத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். தயங்காமல் தூக்கி, சில நிமிஷம் இறங்காமலும் நின்றால் லிஃப்ட் பம்ப்பின் மேல் பழி போட வேண்டாம். வண்டியில் டாப் லிங்க் மாட்டும் ராக்கரை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் டிராஃப்ட் கன்ட்ரோல் (இழுவைக்கு ஏற்ப ஆழத்தைத் தானே மாற்றும் அமைப்பு) குழம்பி, கலப்பை தானாக ஏறி இறங்கும். அது அட்ஜஸ்ட்மென்ட் வேலை, ஓவர்ஹால் இல்லை.

சரியான கலப்பை கிடைத்தால் செட் பண்ணுவது பெரிய விஷயமில்லை. வலது சக்கரம் சாலில் ஓடும் என்பதால், சிமென்ட் தரையில் இடது சக்கரங்களை உழவு ஆழத்துக்குச் சமமான கட்டை மேல் ஏற்றி, வலது லிஃப்ட் ராட் கைப்பிடியைச் சுற்றி ஃபிரேமைத் தரைக்குச் சமமாக்குங்கள். முன்பின் மட்டத்துக்கு டாப் லிங்க்கின் நீளத்தைக் கூட்டிக் குறையுங்கள். சட்டிக் கோணம் (ஓட்டும் திசைக்குச் சட்டி திரும்பி நிற்கும் அளவு) 42 முதல் 45 டிகிரி, சாய்வு (செங்குத்திலிருந்து பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) 15 முதல் 25. காய்ந்த நிலத்தில் இறங்காவிட்டால் சாய்வைக் குறையுங்கள், சட்டி நிமிரும். சட்டிக் கலப்பை தன் எடையில்தான் இறங்குகிறது. "லேசா செஞ்சி தரேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். பின்னால் இருக்கும் சால் சக்கரம் இறுகிப் போயிருந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், அதையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் "கேட்டகிரி 1, 26 இஞ்ச், இரண்டு சட்டி" என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதுவரை முறிந்த பின்னை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். "குடுங்க சார், வெல்டு வச்சித் தரேன்" என்று ஆள் அனுப்புவார்கள், கொடுக்காதீர்கள்.