பழைய மஸ்கட் துப்பாக்கி வாங்குகிறீர்களா? கையோடு ஒரு அரம் கொண்டுபோங்கள்

ராயபுரத்தில் எங்கள் நாடகக் குழு கட்டபொம்மன் நாடகம் போடுகிறது. கும்பினிச் சிப்பாய்க்கு ஒரு துப்பாக்கியாவது அசலைப் போல இருக்கட்டும் என்று, மண்ணடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் பிளின்ட்லாக் மஸ்கட் (சக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கினேன். 14,000 ரூபாய். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி எக்ஸ்போர்ட்டுக்குச் செஞ்சதுண்ணே, இப்ப இந்த வேலைப்பாடு வராது" என்றார் கடைக்காரர்.

குழலில் பற்றவைக்கும் துளை போடாத காட்சிப் பொருள்தான். அதில் எனக்குக் குறையில்லை. குதிரை, அதாவது கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் சுத்தி, விழும்போது பொறி பறக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். பறக்கும் என்று அடித்துச் சொன்னார்.

பறக்கவில்லை. பொறி சக்கிமுக்கிக் கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் விளிம்பு எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டும்போது தெறிக்கிற துகள்தான் எரிகிறது. அதற்குத் தகட்டின் முகம் நன்றாகக் கடினமேறியிருக்க வேண்டும். என்னுடையதில் அது சாதா இரும்பு. நாற்பது தடவை இழுத்துவிட்டும் நாலைந்து மங்கல் பொறிதான். தகடு முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம். தெருமுனைப் பட்டறைக்காரர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார், தூள் கொட்டியது. கடினமேற்றிய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கடையிலேயே செய்து பார்த்திருக்கலாம்.

வால்நட் என்று விற்ற கட்டை தேக்கு. குதிரையைப் பொருத்தியிருக்கும் பூட்டுத் தகட்டைச் சுற்றி இருந்த இடைவெளியை மெழுகும் தூளும் வைத்து அடைத்து பாலிஷ் போட்டிருக்கிறார்கள். கும்பினிப் படைக்கென்று செய்த 'இந்தியா பேட்டர்ன்' மாதிரி என்றார். அதற்குக் குழல் 39 அங்குலம் இருக்க வேண்டும், அளந்தால் 42. குதிரையின் கழுத்தோ வளையம் வைத்த வகை. அது 1809-க்கு அப்புறம் வந்தது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-இல்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட்டுக்குச் செய்த இந்தியச் சரக்கு எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒன்று நன்றாக அமையும், அடுத்தது இப்படி இருக்கும். அதனால்தான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னதுதான் என்னைப் பதற வைத்தது. "பொறி எதுக்கு? துளை போட்டுத் தர்றேன், சுட்டே பாருங்க." தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். எந்தக் குழாயில் செய்தது, பின்பக்கத் திருகு எத்தனை மரையில் நிற்கிறது என்றே தெரியாத குழல் அது. வெடிமருந்து போட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். சுடக்கூடியதாக மாற்றினால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும்.

பணம் திரும்பி வரவில்லை. கல் சுரண்டும் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி, முகத்தில் கார்பன் எஃகு ஒட்டித்தரச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.