கெணத்து வெடிக்கு இந்த டீம நம்பி கூப்புடலாம்ங்க (காங்கேயம் பக்கம்)

தோட்டத்துல புதுக் கெணறு வெட்டுனோம்ங்க, 6 அடியிலயே பாறை வந்துருச்சு, வெடி வெக்காம வேலை ஆகாதுன்னுட்டாங்க. எனக்கு இதுல பயம் ஜாஸ்தி. பட்டாளத்துல வெடிமருந்து டிப்போவுல 17 வருஷம் இருந்தவன் நானு, அதுவுமில்லாம போன வருஷம் தங்கச்சி தோட்டத்துல வேறொரு டீம் மேல ஒண்ணுமே மூடாம வெடி வெச்சு, தேங்கா அளவு கல்லு ஒண்ணு சாளை ஓட்ட ஒடச்சுட்டு கட்டுத்தரைல மாட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு, ஒரு ஓரம் அருவா மாதிரி இருந்துச்சுங்க.

எல்லாரும் சத்தத்துக்குத்தான் பயப்படறாங்க, ஆள அடிக்கறது செதறி வர்ற சில்லுதானுங்க. டிப்போவுல வெடி அதிர்ச்சி அலைக்கு ஒரு கணக்கு உண்டு, மருந்து 8 மடங்கானா விடவேண்டிய தூரம் 2 மடங்கு. சில்லு அந்தக் கணக்குல அடங்காது, மருந்து கம்மின்னாலும் குண்டோட இரும்பு ஓடு சிதறுனா எங்கயோ போயி விழும். அதனாலதான் நேட்டோ (மேல்நாட்டு ராணுவக் கூட்டணி) டிப்போ விதில குடியிருக்கற வீட்டுக்கு சில்லுக்குன்னே பொதுவா கொறஞ்சது 400 மீட்டர் விடச் சொல்றாங்க, 79 ஜூல் சக்தியோட வர்ற துண்டே ஆளுக்கு ஆபத்துன்னு கணக்கு. மருந்து வெக்கற ஷெட்ட சுத்தி மண்கரை போட்டாலும் தாழப் பறக்கறதுதான் நிக்கும், மேல எந்திரிச்சு வர்றது நிக்காது. 2016 மே கடைசில மகாராஷ்டிராவுல புல்காவ் டிப்போ வெடிச்சப்ப பக்கத்து ஊருகள ராத்திரியோட காலி பண்ணுனாங்க.

இந்த டீம் தோட்டாவும் அத வெடிக்க வெக்கற கேப்பும் (டெட்டனேட்டர்) தனித்தனிப் பெட்டில, தனித்தனி ஆள் கைல கொண்டு வந்தாங்க, அப்பவே எனக்கு மனசு ஆறிப்போச்சு. குழிக்கு மேல பழைய லாரி டயர கம்பில பின்னுன பாய், அதுக்கு மேல மணல் மூட்டை. மாட்டையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓட்டச் சொன்னாங்க, இட்டேரி (தோட்டத்து வண்டித்தடம்) ரெண்டு முனையிலயும் செவப்புக் கொடியோட ஆள நிறுத்தி மூணு விசில் அடிச்சப்புறந்தான் வெடிச்சாங்க. பாய் ஒரு எகிறு எகிறி அங்கயே படுத்துருச்சு, வெளிய கைப்பிடி ஜல்லிதான் தெறிச்சுது. உடனே ஆரையும் கிட்ட விடல, வெடிக்காத தோட்டா கெடக்குதான்னு மேஸ்திரி பாத்துட்டு வந்தப்பறந்தான் விட்டாரு.

கொறைன்னா, மொதல்ல 100 மீட்டர் போதும்னாங்க, நான் சண்ட போட்டுத்தான் ஆளுகள தூரமா அனுப்ப வேண்டியதாச்சு. மத்தவங்கள விட ரவுண்டுக்கு 2000 ரூவா ஜாஸ்தி, அந்தக் காசு டயர் பாய்க்குன்னு நெனச்சுக் குடுத்தேன். வெசாழக்கிழம அடுத்த ரவுண்டு, அவிங்களயேதான் வரச் சொல்லியிருக்கேன்ங்க.