நகராட்சியில் முதல் வேலை: அனுமதி மேசையா, சாலைப் பணியா?

சிவில் முடித்து நகராட்சியில் சேர்பவர் போக வாய்ப்புள்ள இரண்டு இடங்கள்: கட்டட அனுமதிப் பிரிவு, அல்லது சாலை, வடிகால் பார்க்கும் பொறியியல் பிரிவு.

பொறியியல் பிரிவில் கண்ணெதிரே பாடம் நடக்கும். கான்கிரீட் கலவையைச் சோதிப்பது, வடிகாலின் வாட்டம் (சரிவு) சரியா என்று மட்டம் பார்ப்பது, அளந்ததை எம்-புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், எழுதுவது. அந்த அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். டேப்பை நாமே பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஞாயிறு கிடையாது.

அனுமதி மேசை வேறு மாதிரி. பட்டா, புலப்படம் (நில அளவைப் படம்), வீட்டின் வரைபடம் மூன்றிலும் அளவு ஒத்துப்போகிறதா, தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள்படி பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்களா, மழைநீர் சேகரிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். 2024-இல், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று விண்ணப்பிப்பவரே உறுதி கொடுக்கும் சுயசான்று முறை வந்தபின், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சரி, மற்றவர்கள்? சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டுபவர் வந்து, "ஏன் சார் திருப்பி அனுப்பினீங்க?" என்று கேட்கும்போது விதி எண்ணைச் சொன்னால் போதாது. வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். குறைகள் அத்தனையையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு நாலு நடை மிச்சம்.

என் தேர்வு, முதல் இரண்டு வருடம் களம், அப்புறம் மேசை. தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தவருக்கு வரைபடத்தின் தவறு சட்டென்று கண்ணில் படும்.