கடலில் நாலு ராத்திரி, ஈசிஆரில் ஒரு ராத்திரி, மயிலாப்பூரில் ஒரு மாதம்

பாட்டு கேட்பதற்காகவே கப்பல் ஏறுகிறவர்களைப் பற்றிச் சென்னையில் பேச்சு வந்தால் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். ஒன்றில் பொறாமை தெரியும். இன்னொன்றில் 'இவனுக்கு வேற வேலையே இல்லையா' என்று எழுதியிருக்கும். நான் மெட்டலும் (காதைப் பிளக்கும் கனமான ராக் இசை) கேட்பேன், மார்கழியில் கர்நாடகக் கச்சேரிக்காகச் சபா சபாவாகவும் திரிவேன், கிழக்குக் கடற்கரைச் சாலையின், அதாவது ஈசிஆரின் மைதானத்தில் கழுத்து நோக எல்இடி திரையைப் பார்த்துக்கொண்டும் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் இவற்றை அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கிறேன். எந்த இசை உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. காசும் லீவும் செலவழித்துப் போகிற ரசிகனுக்கு எங்கே என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிடித்த கலைஞரைச் சூட்டோடு சூடாக இரண்டாவது முறை கேட்க முடிகிறதா? முதல் முறை பாதி நேரம் பரவசத்தில் போய்விடும், மீதி நேரம் இடம் பிடிப்பதில் போய்விடும். காது உண்மையில் வேலை செய்யத் தொடங்குவது இரண்டாவது முறைதான்.

கரீபியன் கப்பல்

மெட்டல் ரசிகர்கள் வாய்பிளக்கிற கப்பல் '70000 டன்ஸ் ஆஃப் மெட்டல்'. 2011 ஜனவரியில் மயாமியிலிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்கு முதல் பயணம் போனது. அப்போது ஓடிய மெஜஸ்டி ஆஃப் தி சீஸ் சுமார் 74,000 டன் கப்பல். விழாவின் பெயர் அந்தக் கணக்கில் வந்தது. (கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, உள்ளே இருக்கும் மொத்த இடத்தின் அளவைக் குறிப்பது. 'எவ்வளவு கனமான இசை' என்று பெருமையடிக்கும் நம் ஆட்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.) பிற்பாடு அதைப் போல இரண்டு மடங்கு பெரிய இன்டிபென்டன்ஸ் ஆஃப் தி சீஸுக்கு விழா மாறியது. நாலு நாள், சுமார் 60 குழுக்கள், சுமார் 3,000 ரசிகர்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு முறை வாசிக்கும்.

இந்த யோசனை மெட்டல்காரர்களுடையது மட்டுமில்லை. சிஸ்டர் ஹேசல் என்ற அமெரிக்கக் குழு 2001-லேயே 'ராக் போட்' என்று ரசிகர்களைக் கப்பலேற்றிவிட்டது. ப்ராக்ரெசிவ் ராக் கேட்பவர்களுக்காக யெஸ் குழு முன்னிற்க 2013-ல் ஒரு கப்பல் கிளம்பியது. ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் தனித்தனிக் கப்பல்கள் உண்டு. நான் பார்த்தது மெட்டல் கப்பல் என்பதால் அதையே பேசுகிறேன்.

மேடைகள் நாலு இடத்தில். வழக்கமாக நாடகமும் நடனமும் நடக்கும் பெரிய தியேட்டர், பனிச்சறுக்கு அரங்கின் மேல் தரை போட்டு உண்டாக்கிய கூடம், ஒரு லவுஞ்ச், எல்லாவற்றுக்கும் மேலே நீச்சல் குளத்தை ஒட்டிய திறந்தவெளி மேடை. புகைப்படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது அந்தக் குளத்து மேடைக்குத்தான். போனபின் தெரிந்தது, ஒலி அங்கேதான் சுமார். கடல் காற்று கிடாரைத் தூக்கிக்கொண்டு போய்விடும், டிரம்ஸ் மட்டும் நம்மிடம் வந்து சேரும். காற்று பலமாக அடித்தால் நிகழ்ச்சியையே தள்ளிவைப்பார்கள். தியேட்டரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பது போன்ற சுகம் கப்பலில் வேறெங்கும் இல்லை, ஆனால் மெட்டல் ரசிகன் உட்கார்ந்து கேட்டேன் என்று வெளியில் சொல்ல முடியாது.

கப்பலின் அசல் விசேஷம் மேடைக்கு வெளியே இருக்கிறது. கலைஞர்களுக்கென்று தனி விஐபி பகுதி கிடையாது. நேற்று இரவு மேடையில் உறுமியவர் காலையில் பஃபே வரிசையில் தட்டோடு நமக்கு முன்னால் நின்று, முட்டை வருமா வராதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். லிஃப்டில் கூட வருவார். முதல் நாள் எல்லோரும் செல்ஃபிக்கு அலைவார்கள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் அந்த வெறி தானாக அடங்கிவிடும். எங்கும் போக முடியாத கப்பலில் அவருக்கும் அவசரமில்லை, நமக்கும் அவசரமில்லை. அப்புறம்தான் உருப்படியான பேச்சு வருகிறது: எந்தப் பாட்டை ஏன் மேடையில் வாசிப்பதில்லை, பழைய டிரம்மர் ஏன் விலகினார். இதைப் பேட்டிகளில் கேட்க முடியாது.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருகிறேன். பல குழுக்கள் இரண்டு நாளும் ஒரே பட்டியலை வாசிப்பதில்லை. முதல் முறை எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள், இரண்டாம் முறை பழைய ஆல்பங்களிலிருந்து அபூர்வமானவை. நேரம் விடியற்காலை மூன்று மணியாகக்கூட இருக்கலாம். நான்கு மேடையும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. ஆனால் முதல் சுற்றில் விட்டதை இரண்டாம் சுற்றில் பிடித்துவிடலாம். நேர அட்டவணை கிளம்புவதற்குச் சற்று முன்புதான் கைக்கு வரும், அதை வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாக ரசிகர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கச்சேரிப் பட்டியலோடு சபா சபாவாக அலையும் டிசம்பர் மாத மாமாக்கள் ஞாபகம்தான் வந்தது.

குறைகளும் உண்டு. நாலு நாளும் காதுக்கு ஓய்வில்லை. இயர் பிளக் இல்லாமல் போகிறவர்கள் மூன்றாம் நாள் எதையும் கேட்பதில்லை, அதிர்வை வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் கப்பல் ஏதோ ஒரு தீவில் நிற்கும். அங்கே இறங்கி ஊர் சுற்றுகிறவர்களைவிடத் தூங்குகிறவர்களே அதிகம். தமிழ் பேச ஆளே இருக்காது என்று நினைத்திருந்தேன். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள், மூலையில் ஒரு குரல் "மச்சான், அந்தப் பக்கம் வாடா" என்றது. திரும்பிப் பார்த்தால் கோயம்புத்தூர் பையன்கள்.

செலவைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. கேபினை நாலு பேர் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். வரியும் துறைமுகக் கட்டணமும் தனி. சாப்பாடு அதில் அடக்கம், மது அடக்கமில்லை. அதற்குமேல் சென்னையிலிருந்து மயாமிக்கு விமானம், அமெரிக்க விசா, ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்க ஹோட்டல். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. என் சித்தப்பா பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தக் காசுக்கு ஆயுசு பூரா சபாவுக்குப் போகலாமே" என்றான். மறுக்க முடியவில்லை.

சென்னையிலிருந்தே கிளம்பும் கப்பல்

சரி, அவ்வளவு தூரம் எதற்கு, நம் துறைமுகத்திலேயே ஏறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் பக்கம் ஓடத் தொடங்கியது. 2023-ல் இலங்கைக்கும் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. மும்பையில் மழை கொட்டும் மாதங்களில்தான் அது இந்தப் பக்கம் வரும். 1990-ல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது.

ஆனால் இது குடும்ப உல்லாசப் பயணம். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, மேஜிக் உண்டு. இசை அங்கே பத்தில் ஒன்று. குழந்தைகளோடு கடல் பார்க்கவும், காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் பார்க்கவும் நல்ல வழி. இசைக்காக மட்டும் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். என் அளவுகோலில் இது போட்டிக்கே வரவில்லை.

மைதான நிகழ்ச்சி

பெரிய பெயர், பெரிய மைதானம், ஒரே ராத்திரி. சென்னையில் இதைப் பற்றிப் பேசும்போது 2023 செப்டம்பர் 10-ஐத் தாண்டிப் போக முடியாது. பனையூரில் ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள், ஈசிஆர் அப்படியே உறைந்து நின்றது. டிக்கெட் நகலை அனுப்பினால் குறையைக் கவனிப்பதாக ரகுமானே அறிவித்தார்.

அதற்குப் பிறகு ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி 'யார் பாடுகிறார்கள்' என்பதிலிருந்து 'எங்கே நடக்கிறது' என்று மாறிவிட்டது. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்றால் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது, நிம்மதி. ஈசிஆரில் கோவளம் தாண்டி என்றால் திரும்பி வரும் நேரத்தையும் கச்சேரி நேரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். முன் வரிசை டிக்கெட் வாங்காவிட்டால் நாம் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கரை, பார்ப்பது திரையை. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் அங்கே அடித்த அடி நம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். நடுவில் நிறுத்தும் ஸ்பீக்கர் கோபுரங்களை அதற்கேற்பச் சரியாகத் தாமதப்படுத்தாவிட்டால் பாட்டு இரட்டையாகக் கேட்கும். டிக்கெட்டில் பெயர் போட்ட நட்சத்திரத்தைவிட, பெயரே தெரியாத ஒலிப் பொறியாளரை நம்பித்தான் அந்த ராத்திரி இருக்கிறது.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் தமிழில், சுருதி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று, ஒரு சரணத்தைக் கத்திப் பாடுவது கரீபியனில் கிடைக்காது, மார்கழியில் மியூசிக் அகாடமியிலும் கிடைக்காது. அதற்காகப் போகலாம். இரண்டாவது வாய்ப்பு மட்டும் இல்லை. தொண்டை கட்டிய நாளாக இருந்தால் கட்டிய தொண்டையோடு கேட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

மெட்டல் கேட்கிறவர்களுக்கு இதிலேயே மலிவான கிளை ஒன்று உண்டு. சென்னை ஐஐடி மாணவர்களின் சாரங் விழாவில், அங்கிருக்கும் திறந்தவெளி அரங்கில், 2009-ல் ஸ்வீடனின் ஓபெத் வாசித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது கோயம்பேட்டில் ராத்திரி பஸ் ஏறிய கறுப்பு டி-ஷர்ட் கூட்டம் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.

மார்கழி

வெளியூர்க்காரர்கள் மார்கழிக் கச்சேரி சீசன் என்றால் அமைதியான கோயில் மாதிரி கற்பனை செய்கிறார்கள். நிஜத்தில் மெட்டல் கப்பலுக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான். ஒரே நேரத்தில் பல மேடைகள், அட்டவணைச் சண்டை, கலைஞரும் ரசிகரும் ஒரே கேன்டீனில் காபிக்கு நிற்பது, காலையில் பேச்சு, மத்தியானம் இளைஞர்கள், சாயங்காலம் பெரியவர்கள். 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி சுமாருக்கு நடக்கும் விளக்கக் கச்சேரிக்குப் போனால், ராத்திரி பாடப்போகும் வித்வான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். கப்பலில் பஃபே வரிசையில் கிடைத்தது இங்கே உட்லண்ட்ஸ் ஹோட்டல் பக்கமும் கிடைக்கும், ஆயிரம் டாலர் இல்லாமல்.

இரண்டாவது முறை கேட்கும் வாய்ப்பில் மார்கழியை அடிக்க ஆளில்லை. ஒரே பாடகர் ஒரு மாதத்துக்குள் அகாடமியில், தி.நகர் கிருஷ்ண கான சபாவில், நாரத கான சபாவில், பார்த்தசாரதி சபாவில் என்று வரிசையாகப் பாடுவார். ஒரு இடத்தில் பிரதான ராகம் தோடி, இன்னொரு இடத்தில் பைரவி. அதே பல்லவி வேறு வயலின்காரரோடு எப்படி வேறாகிறது என்று ஆட்டோ பிடித்துத் துரத்திக் கேட்கலாம். கப்பலில் இரண்டு முறை. இங்கே விருப்பமும் ஆட்டோ காசும் இருக்கிற வரை. மத்தியானக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. நாளைக்குப் பெரிய பெயராகப் போகிறவர்களை இருபது பேரோடு உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் அது.

இதிலும் கடுப்பேற்றும் விஷயங்கள் இருக்கின்றன. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டமாக எழுந்து கேன்டீனுக்குப் போவது. மெட்டல் கப்பலில் டிரம்மர் தனியாக வாசிக்கும்போது யாராவது இப்படி எழுந்து போனால் பார்வையாலேயே எரித்துவிடுவார்கள். சில அரங்குகளில் சீசன் டிக்கெட்காரர்களின் முன் வரிசை காலியாகக் கிடக்கும், வெளியே 'ஹவுஸ்ஃபுல்' பலகை தொங்கும். மிருதங்கத்தைத் தகரமாக்கும் மைக் அமைப்புகளைப் பற்றி நான் எழுதினால் தனிக் கட்டுரையாகும். அப்புறம், புதிதாக வருகிறவருக்கு அந்த அரங்குகள் சட்டென்று சொந்தமாகிவிடுவதில்லை. என்ன உடுத்துவது, எங்கே கைதட்டுவது என்று தயங்கி நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பலில் முதல் ஒரு மணி நேரத்திலேயே முன்பின் தெரியாதவர் தோளில் கைபோட்டுவிடுவார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் தொடங்கிய விழா போன்றவை இந்த வேலியைத் தாண்டத்தான் முயன்றன. பிரதான சபாக்கள் அந்த விஷயத்தில் இன்னும் மெதுவாகத்தான் நகர்கின்றன.

யாருக்கு எது

கர்நாடக இசை கொஞ்சமாவது பிடிக்கும் என்றால் கப்பலுக்கு முன் ஒரு மார்கழியை முழுசாகப் பாருங்கள். லீவு போட்டு, மயிலாப்பூரிலோ ராயப்பேட்டையிலோ ஒரு அறை எடுத்து, ஆபீஸ் போன் எடுக்காமல். அம்பத்தூரிலிருந்து தினமும் போய்வந்தால் அது வேறு அனுபவம், பாதி நாள் போக்குவரத்தில் போகும். மைதான நிகழ்ச்சியை நண்பர்கள் கூட வந்தால் மட்டும், மெட்ரோ பக்கத்தில் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஈசிஆர் போவதை இனி நான் செய்யமாட்டேன்.

மெட்டல்தான் உயிர், இந்தியாவுக்கு வரவே வராத குழுக்கள் பட்டியலில் நாலைந்தாவது இருக்கின்றன என்றால் கப்பலுக்கு மாற்று கிடையாது. காசு சேர்த்துப் போய்விட்டு வந்துவிடுங்கள். குழுக்களின் பட்டியல் முழுசாக வெளியாகும் வரை காத்திருந்தால் மலிவான கேபின்கள் தீர்ந்துபோகும். முன்பு போனவர்களுக்கு முன்கூட்டியே விற்பனை உண்டு, எனவே போய்வந்த யாரையாவது சேர்த்துக்கொண்டால் நாலு பேர் கேபின் கிடைப்பது எளிது. கேபினைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், அலையில் கப்பல் ஆடுவது அங்கேதான் குறைவு. ஜன்னலுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அந்த அறையில் நீங்கள் விழித்திருக்கப்போவதில்லை. குமட்டலுக்கு அவோமின் மாத்திரையை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். விசா நேர்காணலில் பயணத்தின் நோக்கம் கேட்டால் தயங்காமல் இசை விழா என்றே சொல்லுங்கள். எந்தக் குழு என்று மட்டும் அவர்களாகக் கேட்காமல் சொல்ல வேண்டாம், சில குழுக்களின் பெயரை அந்த ஜன்னல் முன்னால் நின்று உரக்கச் சொல்ல முடியாது.