ஆறு வருஷமாக வீட்டிலேயே பிசிபி: எனக்குக் கைகொடுத்ததும் காலை வாரியதும்

பிசிபி என்பது மின்னணுப் பாகங்களை டிராக் எனப்படும் செம்புக் கோடுகளால் இணைக்கும் போர்டு. லேசர் பிரிண்டரில் டிசைனை எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் செம்புத் தகட்டில் ஒற்றி, செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவிடும் டோனர் முறையைத்தான் ஆறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வருஷம் பாதிக்குப் பாதி குப்பைக்குப் போனது. இப்போதும் கெடுகிறது, ஆனால் எதனால் கெட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலும் குற்றவாளி நம் விரல்தான். புதுத் தகடு பளபளவென்று இருக்கிறதே என்று தேய்க்காமல் விட்டால், கைப்பசை பட்ட இடத்தில் மட்டும் டோனர் ஒட்டாது. நார் போட்டுத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அப்புறம் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகி ஒட்டுகிறது. இங்க்ஜெட் மைக்கு அந்தக் குணம் கிடையாது. ஒற்றிய தாளைத் தண்ணீரில் ஊறவிட்டு, தானாகக் கழன்று வரும்வரை காத்திருக்கணும். அவசரப்பட்டு உரித்தால் டிராக்கும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது கண்ணாடிப் பிம்பம். ஒரு முறை டிசைன் இடவலம் மாறி விழுந்து, பாகங்களின் காலுக்குத் துளையும் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். ஐசியை (பல கால்களுள்ள சிப்பை) செம்புப் பக்கமாகவே கொஞ்சம் தூக்கி நிறுத்திப் பற்றவைத்து ஒப்பேற்றினேன். வேலை செய்தது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. அன்றிலிருந்து செம்பு லேயரில் ஒரு வார்த்தை எழுதி வைக்கிறேன். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால், போர்டில் நேராக வரும்.

அரிக்கும்போது செம்பு கீழ்நோக்கி இருப்பது நல்லது. கரைந்தது கீழே இறங்கிவிடும், புது திரவம் வந்து படும். கரைசல் 40 டிகிரி வெதுவெதுப்பில் இருந்தால் கால் மணியில் முடியும் வேலை, குளிர்ந்திருந்தால் முக்கால் மணிக்கு இழுக்கும். அதற்குள் டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரித்து, மெல்லிய டிராக் அறுந்துபோகும். காலி இடத்தையெல்லாம் கிரவுண்டாக (சுற்றின் பொது இணைப்பான செம்புப் பரப்பாக) நிரப்பிவிட்டால் கரைக்க வேண்டிய செம்பே குறைந்துவிடுகிறது. பழைய கரைசலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். செம்பு கலந்த நஞ்சு அது, ஸ்டீல் சிங்க்கையும் அரிக்கும். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்கிறேன். ஃபெரிக் குளோரைடுக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலந்து அரித்தால் வேகம்தான். ஆனால் ஒரே வாரத்தில் அந்த அறையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்களெல்லாம் துருப்பிடித்தன. அத்தோடு விட்டேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். என்னைச் சோர்வடைய வைத்தது துளை போடுவதுதான். போர்டில் இருக்கும் கண்ணாடி இழை சாதாரண பிட்டை மழுங்கடித்துவிடும். கார்பைடு பிட் அவ்வளவு சீக்கிரம் மழுங்காது, ஆனால் கை லேசாகச் சாய்ந்தால் போதும், டக்கென்று ஒடியும். 0.8 மில்லிமீட்டர் பிட் எத்தனை ஒடித்தேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

அதனால்தான் போர்டின் மேலேயே வைத்துப் பற்றவைக்கும் எஸ்எம்டி பாகங்களுக்கு மாறினேன். வீட்டில் செய்பவர்களுக்கு அது சரிப்படாது என்று பலர் பயமுறுத்தினார்கள். என் அனுபவம் நேர்மாறு. துளையே வேண்டாம், 0805 அளவுச் சின்ன ரெசிஸ்டருக்கு அடியில் ஒரு டிராக்கையும் ஓட்டிவிடலாம். கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர் இருக்கும் ஐசி சுலபம். 0.65 என்றால் ஃப்ளக்ஸும் (சோல்டரை நன்றாக ஓடவைக்கும் பொருள்) பூதக்கண்ணாடியும் அதிர்ஷ்டமும் வேண்டும். ஒரு பேடில் (பாகம் உட்காரும் செம்புத் திட்டில்) மட்டும் சோல்டர் வைத்து, அதை உருக்கியபடியே ட்வீசரால் பாகத்தை உட்கார வைத்து, பிறகு மறுபக்கம் பற்றவைக்கிறேன். எஸ்எம்டி செராமிக் கெப்பாசிட்டர்களில் பெரும்பாலும் மதிப்பு எழுதியிருக்காது. இரண்டு மதிப்பை ஒரே தட்டில் கொட்டிவிட்டு ஒரு மாலை முழுக்க மீட்டரும் கையுமாக உட்கார்ந்த பிறகு, அவை அடுக்கி வரும் டேப்பிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறேன். போர்டை அளவுக்கு வெட்டுவதும் பாகம் ஏற்றுவதற்கு முன்பே. பின்னால் வெட்டினால் போர்டு வளைந்து செராமிக் கெப்பாசிட்டர் விரிசல் விடும்.

மாஸ்க் எனப்படும் பாதுகாப்புப் பூச்சு இல்லாத செம்பு சீக்கிரம் கறுக்கும். ரோசினை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிய முதல் வருஷத்துப் போர்டு ஒன்று இன்னும் ஓடுகிறது.

இரண்டு பக்க போர்டில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. ஒவ்வொரு வயாவுக்கும் (இரு பக்க டிராக்கையும் இணைக்கும் துளைக்கும்) கம்பி நுழைத்து இருபுறமும் பற்றவைக்கணும், திரும்ப அதே டிரில் பிட். பத்து வயாவுக்கு மேல் போனால் ஃபைலை ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுகிறேன்.